பனி விழுமுன் பாத்திக்கு எரு: ரொறன்ரோ பின்வளவுத் தோட்டத்துக்கு

ஊரில் எரு பரப்பிக் கொத்திவிட்டால், சில வாரங்களிலேயே கத்தரிக் கன்று நட்டுவிடலாம். மீதி வேலையை வெயிலும் கிணற்றுத் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும். ரொறன்ரோவில் மே மாதத்திலும் மண் குளிர்ந்து கிடக்கிறது. எருவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அப்போதுதான் விழித்தெழுகின்றன. அந்த நேரத்தில் போடும் எரு, கன்றுக்குப் பசி எடுக்கும்போது சத்தாக மாறியிருக்காது. ஆகவே ஐப்பசியிலேயே போட்டுவிடுங்கள்.

முதல் வேலை: எருவைத் தேர்ந்தெடுத்தல்

மக்கிய எரு கறுத்து, பொலபொலவென்று உதிரும். மழை நனைத்த மண்ணின் வாசம் வீசும். சாண நாற்றம் இருந்தால் இன்னும் மக்கவில்லை. மாட்டெரு, ஆட்டெரு, குதிரை எரு எதுவும் நல்லதே. கோழி எருவில் தழைச்சத்து மிகுதி என்பதால் மெல்லிய படலமாகத்தான் தூவ வேண்டும். நாய், பூனைக் கழிவை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

குதிரை லாயங்களில் இலவசமாகக் கிடைக்கும் எருவில் மட்டும் மிகவும் கவனம் தேவை. குதிரைக்குத் தீனியாகும் புல் விளையும் நிலத்தில் அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லி தெளிக்கப்பட்டிருந்தால், அது குதிரையின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் தங்கிவிடும். நன்றாக மக்கிய பிறகும் அதன் நஞ்சு எஞ்சியிருக்கலாம். ஓர் ஆண்டு அப்படிப்பட்ட எருவை அறியாமல் பரப்பினேன். தக்காளியின் தளிர்கள் பன்னம் போலச் சுருண்டன. அந்தக் கோடை முழுவதும் ஒரு பழம்கூடத் தேறவில்லை. அன்றிலிருந்து சோதிக்காமல் எரு போடுவதில்லை.

சோதனை எளிது. எருவையும் கடையில் வாங்கிய சாடி மண்ணையும் சம அளவில் கலந்து மூன்று சாடிகளை நிரப்புங்கள். வேறு மூன்றில் சாடி மண்ணை மட்டும் போடுங்கள். எல்லாவற்றிலும் போஞ்சி விதை ஊன்றி, வெயில் படும் யன்னலோரம் வையுங்கள். மூன்று வாரத்தில் எருச் சாடிகளில் மட்டும் இலை குவிந்து சுருண்டால் அந்த எரு வேண்டாம். செப்டெம்பரிலேயே செய்தால் உரிய நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது: நாள் பார்த்தல்

முதல் உறைபனியில் தக்காளியும் மிளகாயும் கருகியதும் வேலையைத் தொடங்கலாம். ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை நல்ல காலம். மண்வெட்டி இறங்காத அளவு நிலம் இறுகியபின், அல்லது பனி மூடியபின், எரு போடாதீர்கள். இளவேனிலில் பனி உருகும்போது சத்தெல்லாம் ஓடைகளுக்கும் ஏரிக்கும் அடித்துச் செல்லப்படும். 2014 ஓகஸ்டில் ஈரி ஏரியில் நச்சுப் பாசி பெருகி, அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் லட்சக்கணக்கானோர் இரண்டு நாட்களுக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். வயல்களிலிருந்து மழைநீரோடு வழிந்த உரத்திலும் எருவிலும் இருந்த பொஸ்பரசுதான் அந்தப் பாசிக்குத் தீனி. நமது பாத்தி சிறியதுதான், ஆனால் அதில் வழியும் தண்ணீரும் ஒன்ராறியோ ஏரிக்கே போகிறது.

மூன்றாவது: பரப்புதல்

காய்ந்த கொடிகளை அகற்றுங்கள். நோய் கண்ட செடிகளை எருக்குவியலில் போடாதீர்கள். களையை வேரோடு பிடுங்குங்கள். பிறகு 5 சென்டிமீற்றர் கனத்துக்கு எருவைப் பரப்புங்கள். 3 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உள்ள பாத்திக்கு 180 லீற்றர், அதாவது 30 லீற்றர் பைகள் ஆறு, தேவைப்படும். அடுத்த ஆண்டிலிருந்து அதில் பாதி போதும்.

கொத்திப் புரட்ட வேண்டுமா? நான் புரட்டுவதில்லை. மண்புழுக்கள் நவம்பர்வரை எருவைக் கீழே இழுத்துச் செல்லும். குளிர்காலத்தில் ஈரம் உறைந்து உருகி, உறைந்து உருகி, இறுகிய களிமண்ணையும் பிளந்து கொடுக்கும். புது எருதான் கிடைத்தது என்றால் மட்டும் மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். நோய்க்கிருமிகள் அழிவதற்காக, மண்ணைத் தொடும் காய்கறிகளை அறுக்க 120 நாட்கள், தொடாதவற்றை அறுக்க 90 நாட்கள் இடைவெளி விட வேண்டும் என்பது கனடாவின் இயற்கை வேளாண் விதி. நவம்பரில் போட்டால் ஜூன் அறுவடைக்குள் அந்தக் கெடு தாராளமாகக் கடந்துவிடும்.

கரட், முள்ளங்கிக்கு ஒதுக்கிய பாத்தியில் எரு போடாதீர்கள். கிழங்கு கிளைவிட்டுக் கோணலாகும். உள்ளிப் பாத்திக்கு மக்கிய எருவை முதலில் போட்டுவிட்டு, ஒக்டோபரிலேயே பற்களை 5 சென்டிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள்.

கடைசியாக: போர்த்துதல்

வெறும் எருவை மழைக்கு விட்டுவிடாதீர்கள். தெருவெங்கும் கொட்டிக் கிடக்கும் மேப்பிள் இலைகளைப் புல்வெட்டியால் நொறுக்கி, ஒரு சாண் உயரம் மூடுங்கள். நொறுக்காத இலை நனைந்து பாய்போல ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுத்துவிடும். பிறகு அந்தப் பாத்தியில் கால் வைக்காதீர்கள்.

மே மாதம் விக்டோரியா தின விடுமுறையை ஒட்டி, நடும் இடத்தில் மட்டும் இலைகளை விலக்கிப் பாருங்கள். மண் கறுத்து, கையாலேயே குழி தோண்டும் பதத்தில் இருக்கும். கத்தரிக் கன்றை அதில் இறக்கிவிட்டு, விலக்கிய இலைகளைத் தண்டைத் தொடாமல் சுற்றிப் போடுங்கள்.