நடிப்புப் புத்தகங்களை எப்படி வாசிக்கக் கூடாது

சிங்கப்பூரில் தமிழ் நாடகம் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஒத்திகை இரவு ஏழரைக்கு என்பார்கள், எட்டுக்குத்தான் ஆள் சேரும். இரண்டு மாதம் இப்படிக் கூடிவிட்டு, ஒரு வாரயிறுதியில் இரண்டு மூன்று காட்சிகள் போட்டால் நாடகம் முடிந்துவிடும். முறையான பயிற்சிக்கு நேரமில்லாதவர்கள் புத்தகத்தைத் தேடுவது இயல்பு, நல்லதும்கூட. ஆனால் நடிப்பு நூல்களை மனப்பாடமாக வைத்திருப்பவர், ஒன்றுமே வாசிக்காதவரைவிட மேடையில் விறைத்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு நடிப்பு நூல் என்பது ஒருவர் தம் காலத்தில், தம் அரங்கில், தம் ஆட்களோடு வேலை பார்த்ததன் பதிவு. அதைச் சட்டப் புத்தகமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

பாதி நூலை முழு நூலாக நினைப்பது

ஸ்தனிஸ்லாவ்ஸ்கியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். 1898இல் நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர். அவருடைய ‘ஆன் ஆக்டர் பிரிபேர்ஸ்’ ஆங்கிலத்தில் 1936இல் வந்தது. கோஸ்த்யா என்ற மாணவனின் நாட்குறிப்பாக எழுதப்பட்ட நூல் அது. தோர்த்சோவ் என்ற ஆசிரியர் பாடம் நடத்துகிறார். முதல் அத்தியாயத்திலேயே கோஸ்த்யா ஒதெல்லோ வேடம் கட்டுகிறான். எல்லாம் சொதப்பலாகப் போய்க்கொண்டிருக்கும்போது, “இரத்தம், இயாகோ, இரத்தம்!” என்று ஒரு கணம் அவனையறியாமல் அலறிவிடுகிறான். பார்ப்பவர்கள் ஆடிப்போகிறார்கள்.

நம்மில் பலர் அந்த அலறலோடு நின்றுவிடுகிறோம். உள்ளே பொங்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானே வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். அடுத்த அத்தியாயத்தில் ஆசிரியர் அந்தக் கணத்தைப் பாராட்டிவிட்டு, அப்படித் தற்செயலாக வருவதை நம்பி மேடையேற முடியாது என்று சொல்லிவிடுகிறார். அதற்கு மேல் வரும் பக்கங்களெல்லாம், தற்செயலை எதிர்பார்த்து உட்காராமல் ஒரு நடிகன் எப்படி வேலை செய்வது என்பதைப் பற்றியவை. ஆனால் எங்கள் ஒத்திகைகளில் மேற்கோளாக வந்து விழுவது பெரும்பாலும் மாணவன் நாட்குறிப்பில் குழம்பி எழுதிய வரிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. உடல், குரல், லயம் பற்றிய அடுத்த பகுதி 1949இல்தான் ஆங்கிலத்தில் வந்தது. நடுவில் 13 ஆண்டுகள் போய்விட்டன. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ 1938இலேயே காலமாகிவிட்டார். அவர் இரண்டையும் சேர்ந்தே இருக்க வேண்டியவையாகத்தான் நினைத்திருந்தார். ஒரே தொகுதியாகப் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வர 2008 ஆனது. இடைப்பட்ட காலத்தில் முதல் பாதியை மட்டும் வாசித்தவர்களுக்கு ‘உணர்ச்சி நினைவு’, அதாவது தன் வாழ்வில் பட்ட உணர்ச்சியை நினைவிலிருந்து எழுப்பி மேடையில் பயன்படுத்துவது, என்ற ஒற்றை உத்தியே நடிப்பு என்றாகிவிட்டது. அமெரிக்காவில் நடிப்பு ஆசிரியர் லீ ஸ்டிராஸ்பர்க் அதைத் தூக்கிப் பிடித்தார். அவரோடு ஒரே குழுவிலிருந்த ஸ்டெல்லா அட்லர் 1934இல் பாரிஸில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்துச் சில வாரங்கள் வேலை செய்துவிட்டுத் திரும்பினார். பாத்திரத்தின் சூழ்நிலையும் அது செய்யும் செயலும்தான் முக்கியம் என்கிறார் அவர் என்று வந்து சொன்னார். அட்லருக்கும் ஸ்டிராஸ்பர்க்குக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒரே மனிதரின் பெயரால் இரண்டு கட்சி. நீங்கள் கையில் வைத்திருக்கும் நூல் எந்தக் கட்சி என்று தெரியாமல் அதைப் பின்பற்றாதீர்கள்.

இதன் விளைவை இங்கே நேரில் பார்க்கலாம். அழவேண்டிய காட்சி. இருபது வயதுப் பையன் இறந்துபோன தன் பாட்டியை நினைத்துக்கொள்கிறான். முதல் ஒத்திகையில் கண்ணீர் கொட்டுகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். நாலாவது ஒத்திகையில் பாட்டி வருவதில்லை. காட்சி அன்று இன்னும் மோசம்: அவன் கண்கள் உள்ளே பாட்டியைத் தேடிக்கொண்டிருக்க, எதிரே நிற்கும் சக நடிகை யாருமில்லாத இடத்தில் பேசுவதுபோல் பேசிவிட்டுப் போகிறாள். ஆறாத துக்கம் உள்ளவர்கள் இந்தப் பயிற்சியைத் தனியாக, புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்யவே வேண்டாம்.

ஒரு பக்கத்து வாதத்தை மட்டும் கேட்பது

நடிகன் உணர வேண்டுமா, உணர்த்தினால் போதுமா என்ற சண்டை பழையது. பிரெஞ்சுக்காரர் திதரோ 1770களில் எழுதி, அவர் இறந்து பல காலம் கழித்து 1830இல் அச்சான சிறுநூல் ஒன்று, பெரிய நடிகன் மேடையில் உணர்ச்சிவசப்படுவதே இல்லை என்று அடித்துச் சொல்கிறது. டேவிட் கேரிக் என்ற ஆங்கில நடிகர் இரண்டு கதவுகளின் நடுவே தலையை மட்டும் நீட்டி, சில விநாடிகளில் பெருமகிழ்ச்சியிலிருந்து துயரம், அச்சம் வரை முகத்தை மாற்றிக் காட்டியதை அவர் சான்றாக வைக்கிறார். அத்தனை உணர்ச்சிகளையும் அந்த விநாடிகளில் ஒருவன் உள்ளுக்குள் அனுபவித்திருக்க முடியுமா என்பது அவர் கேள்வி. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை வாசித்த கையோடு திதரோவையும் வாசியுங்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் வேண்டாம். இருவருமே நடிகர்களை உட்கார்ந்து கூர்ந்து பார்த்தவர்கள்.

மெய்ப்பாட்டைப் பட்டியலாக மட்டும் ஒப்பிப்பது

தமிழ்மொழி விழா மாதத்தில் யாராவது ஒருவர் மேடையேறி, “நகையே அழுகை இளிவரல் மருட்கை” என்று தொடங்கி மெய்ப்பாடு எட்டையும், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள் எட்டையும், சொல்லிவிட்டு, இதெல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று முடிப்பார். சரி, இருந்தது. அதை வைத்து என்ன செய்தோம்?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் செய்யுளுக்காக எழுதப்பட்டது, நடிப்புக் கையேடு கிடையாது. ஆனாலும் நடிகருக்கு அங்கே கைக்கு அடக்கமான ஒரு கருவி கிடைக்கிறது. எட்டு மெய்ப்பாட்டின் பெயரோடு அது நின்றுவிடுவதில்லை. ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கிறது என்றும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் தாழ்த்துவது, ஒன்றைப் பறிகொடுப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை.

ஒரு காட்சியில் வைத்துப் பார்ப்போம். வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. மகள் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டாள். கீழே டாக்சி நிற்கிறது. அப்பாவுக்கு ஒரே வசனம்: “சரிம்மா, பெட்டிய நானே எடுத்துக்கிறேன்.” சோகமாகச் சொல்லுங்கள் என்று இயக்குநர் சொன்னால், நூற்றில் தொண்ணூறு பேர் குரலைத் தழுதழுக்க வைப்பார்கள். காரணத்தை மாற்றிப் பாருங்கள். இளிவு என்று வைத்துக்கொண்டால், அப்பாவைக் குளிப்பாட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சற்றுமுன் பக்கத்து வீட்டுக்காரியிடம் மகள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துப் பேசுவார். இழவு என்றால், சுவரில் மனைவியின் படம் இருந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது. “சரிம்மா” சொன்னபின் ஒரு நிறுத்தம் விழும். அசைவு என்றால், துறைமுகத்தில் முப்பது வருடம் சுமை தூக்கியவருக்கு இந்தச் சின்னப் பெட்டி முதல் இழுப்பில் எழவில்லை. இரண்டாவது இழுப்பில் எழுந்தபிறகுதான் வசனம் வரும். வறுமை என்றால், சேமநிதிப் பணம் தீர்ந்துவிட்டது, போகமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. வசனம் சட்டென்று, கிட்டத்தட்ட வியாபாரப் பேச்சுப்போல வந்து முடிந்துவிடும்.

நான்கிலும் கண்ணீர் தேவைப்படவில்லை பாருங்கள். நடிகர் அழுகையைத் தேடிப் போகவில்லை, பெட்டியைத்தான் தூக்குகிறார். அட்லர் பாரிஸிலிருந்து கொண்டுவந்த சேதியும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கு அன்றே தொல்காப்பியம் தெரியும் என்று யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம், அவ்வளவுதான்.

நாட்டிய சாஸ்திரத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரசம் பார்வையாளர் சுவைப்பது; பாவம், அதாவது உணர்ச்சி வெளிப்பாடு, நடிகர் தருவது. இதைக் குழப்பிக்கொண்டு, நடன வகுப்பில் பழகிய நவரச முகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வீட்டுக் கூடத்தில் நடக்கும் காட்சிக்கு மாட்டினால் பொருந்தாது. பரதம் கற்றவர்கள் நம் மேடையில் நிறையப் பேர் இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது.

ஆங்கில வாக்கியத்துக்குச் சொன்னதைத் தமிழ் வசனத்தில் போடுவது

வசனத்தில் எந்தச் சொல்லை அழுத்துவது என்று ஆங்கில நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. அங்கே அழுத்தத்தைப் பெரும்பாலும் குரல்தான் காட்டியாக வேண்டும். தமிழில் அந்த வேலையைப் பாதி இடைச்சொல்லே செய்துவிடுகிறது. மேலே சொன்ன அப்பாவின் வசனத்தில் “நானே” என்பதிலுள்ள ஏகாரம் ஏற்கெனவே அழுத்திவிட்டது. அதன்மேல் குரலாலும் அழுத்தினால் அவர் மகளோடு சண்டைக்கு நிற்பதாகிவிடும். ‘தான்’, ‘உம்’, ‘ஆவது’ எல்லாம் இப்படித்தான். பிரதியை வாங்கியதும் இவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த இடங்களில் குரலைச் சும்மா விட்டுப் பாருங்கள்.

அப்புறம் வினைமுற்று. நம் வாக்கியம் முடிவில்தான் திறக்கிறது. போகிறாரா, போகமாட்டாரா என்பது கடைசிச் சொல்லில் இருக்கிறது. மூச்சு தீர்ந்து அந்தச் சொல் விழுங்கப்பட்டால் பின்வரிசைக்கு அர்த்தமே போய்ச் சேராது. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த இளம் நடிகர்களிடம் இது அதிகம். அவர்களுக்கு உச்சரிப்புப் பாடத்தைவிட மூச்சுப் பாடம்தான் முதலில் தேவை என்பது என் கட்சி.

யாருடைய மேடை என்று பார்க்காதது

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடுவதற்கு முன்பே அரங்கின் அளவு வந்துவிடுகிறது: 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். நாம் நூலை வாசிக்கும்போது அளவைக் கேட்பதில்லை. ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில் கடைசி ஆள்வரை கேட்கவேண்டிய காலத்துக் குரல் அறிவுரையை, நூறு பேர் உட்காரும் பிளாக் பாக்ஸ் சிற்றரங்கில் அப்படியே செய்தால் முதல் வரிசையில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விக்டோரியா ஸ்ட்ரீட் நாடக மையத்தில் 615 இருக்கைகள். அங்கே வேறு கணக்கு. வசந்தம் ஒளிவழித் தொடருக்கான தேர்வுக்குப் போகிறவருக்கு மூன்றாவது கணக்கு. கேமரா கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

நடிகர்களின் தன்வரலாறுகளையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். அவ்வை டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ அருமையான நூல். ஆனால் அவர் 1918இல், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்ந்தவர். உண்பதும் உறங்குவதும் கம்பெனியிலேயே. அந்தப் பயிற்சி நமக்கு வாய்க்காது. எங்களைப் போன்றவர்களுக்கு நெருக்கமானவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் அவர் தொடங்கிய சுகுண விலாச சபா, வேலை பார்த்துக்கொண்டே மாலையில் நாடகம் போட்டவர்களின் கூட்டம். அவரே வழக்கறிஞராக இருந்து நீதிபதியானவர். ‘நாடக மேடை நினைவுகள்’ நூலைச் சுவையான பழங்கதை என்று புரட்டாமல், வேலை முடிந்து களைத்து வரும் மனிதர்களை வைத்து எப்படி ஒத்திகை நடத்துவது என்ற கேள்வியோடு வாசித்துப் பாருங்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் அதே பிணக்குகள் வேட்டி கட்டிக்கொண்டு வரும்.

ஆண்டையும் பாருங்கள். அமெரிக்க நடிகையும் நடிப்பு ஆசிரியருமான ஊட்டா ஹாகன் 1973இல் எழுதிய நடிப்பு நூலைப் பின்னாளில் தாமே ஏற்காமல், 1991இல் இன்னொன்று எழுதினார். முதல் நூல்தான் இன்றும் அதிகம் கைமாறுகிறது.

கடைசியாக, புத்தகத்தால் ஆகாத காரியங்கள் உண்டு. நாடகக்காரர்கள் குவோ பாவ் குன்னும் தி. சசிதரனும் 2000இல் இங்கே தொடங்கிய நடிப்புப் பயிற்சியில் கேரளத்தின் கூடியாட்டம், ஜப்பானின் நோ, பெய்ஜிங் ஓப்பரா, ஜாவாவின் வயாங் வோங் ஆகியவற்றை அந்தந்தக் கலையின் ஆசான்களிடமே மாணவர்கள் உடம்பால் கற்றார்கள். கூடியாட்டத்தின் கண்ணசைவை வாசித்துக் கற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

புத்தகம் வாங்கிக் குவிப்பதற்கு முன் எஸ்பிளனேட் மூன்றாம் மாடி நூலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். நிகழ்கலைகளுக்கென்றே 2002இல் திறந்தது. கையில் ஒரு பிரதி இருக்கும்போது போனால்தான் பயன். இல்லையென்றால் சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களின் பழைய பிரதிகள் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் இருக்கின்றன, அதிலிருந்து ஒரு காட்சியை அச்சடித்துக்கொள்ளலாம். பழைய தமிழ் நாடக நூல்களுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகம். அங்குள்ளவற்றை வீட்டுக்கு எடுத்துவர முடியாது. நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள்.