வருபவர் மேல் தாவும் நாய்: திட்டாமல் பழக்கிய விதம்

அழைப்புமணி அடித்தால் போதும், ஜிம்மி வாசலுக்குப் பாய்ந்து வருபவர் மார்பில் முன்னங்கால்களை வைத்துவிடுவான். அதட்டிப் பார்த்தோம், முழங்காலால் தள்ளிப் பார்த்தோம். இரண்டுமே அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. அவன் தாவுவதே நாம் கவனிக்க வேண்டும் என்றுதான். திட்டும்போதும் தள்ளும்போதும் அது கிடைத்துவிடுகிறதே! அதனால் ‘தாவாதே’ என்பதை விட்டுவிட்டு, ‘உட்கார்ந்தால் கொஞ்சுவார்கள்’ என்று புரியவைக்க ஆரம்பித்தேன்.

‘உட்கார்’ என்ற சொல் உங்கள் நாய்க்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தீனி. பட்டாணி அளவு போதும். மென்மையாக, சட்டென்று விழுங்கும்படி இருக்க வேண்டும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழித் துணுக்குதான் என் தேர்வு. நாளின் மொத்த உணவில் 10 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு) சேர்த்த தின்பண்டங்கள் நாய்க்கு நஞ்சு, கிட்டவே கொண்டுபோகாதீர்கள். தீனியைத் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் என்றால் அதன் சரசரப்புக்குத்தான் நாய் உட்காரும், உங்கள் சொல்லுக்கு அல்ல.

2. பாராட்டுச் சொல். ‘நீ இப்போது செய்தாயே, அதற்குத்தான் தீனி’ என்று நாய்க்குக் காட்டும் ஒரு சொல். முதலில் ‘சரி’ என்று வைத்திருந்தேன். வீட்டில் நாள் முழுக்க எல்லோரும் சொல்லும் சொல் அது. போனில் பேசும்போதுகூட ஓடிவந்து நின்றான். பிறகு ‘யெஸ்’ என்று மாற்றினேன். சொல்லியவுடன் தீனி, இப்படி 15, 20 முறை. கிளிக்கர், அதாவது அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சின்னப் பெட்டி, இந்தச் சொல்லைவிடத் துல்லியமான கருவிதான். ஆனால் வாசலில் ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் தாழ்ப்பாள் என்று நிற்கும்போது வாய்தான் உதவும்.

3. நேரம். நான் சறுக்கியது இங்கேதான். இரண்டு வாரமாகியும் ஜிம்மி உட்கார்ந்த வேகத்தில் எழுந்துகொண்டே இருந்தான். போனில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அவன் உட்காருகிறான், என் கை பைக்குப் போகிறது, அவன் எழுகிறான், அப்போதுதான் நான் ‘யெஸ்’ என்கிறேன். எழுந்ததற்கே தீனி கொடுத்திருக்கிறேன்!

பின்புறம் தரையைத் தொட்ட அந்த நொடியில் சொல் வர வேண்டும். சொல் வந்த பிறகுதான் கை அசைய வேண்டும். தீனியை அவன் வாய்க்குக் கீழே, தாழ்வாக நீட்டுங்கள். உயரத்தில் காட்டினால் நாமே தாவ வைக்கிறோம்.

4. வாசல். எடுத்த எடுப்பில் விருந்தாளி வேண்டாம். முதலில் நீங்களே கதவைத் தட்டுங்கள், அப்புறம் வீட்டில் ஒருவர் வெளியே போய் வரட்டும், கடைசியாக நண்பர். நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். வருபவர் எட்டாத தூரத்தில் நிற்கட்டும். தாவினால் அவர் பேசாமல் திரும்பி இரண்டடி விலக வேண்டும். உட்கார்ந்தால் அருகில் வந்து, குனிந்து தடவலாம்.

நடுவில் சில நாள் தாவல் இன்னும் கூடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது நாய் அதையே பலமாகச் செய்து பார்க்கும். அங்கே விட்டுக்கொடுத்தால், பலமாகத் தாவினால் பலன் உண்டு என்று படிந்துவிடும். “பரவாயில்லை, எனக்கு நாய் பிடிக்கும்” என்று தாவும்போதே கொஞ்சுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்துவைக்கும்.

கழுத்தை இறுக்கும் சங்கிலியும் மின்அதிர்ச்சிப் பட்டையும் வேண்டவே வேண்டாம். வலியை நாய் வந்த ஆளோடு முடிச்சுப் போட்டுவிட்டால் தாவல் போய்க் கடி வரலாம். ஏற்கெனவே உறுமுகிறது, உடல் விறைக்கிறது என்றால் இந்த முறையை விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: “கையில் தீனி இருந்தால்தான் கேட்கிறது” என்று சிலர் எழுதியிருந்தார்கள். தீனியை வாசலருகே அலமாரியில் ஒரு டப்பாவில் வையுங்கள். வெறுங்கையோடு ‘யெஸ்’ சொல்லிவிட்டு எடுத்துக் கொடுங்கள். ஆள் வந்தால் தீனியையே தொடாத நாய்க்குப் பரபரப்பு அதிகம். இன்னும் பத்தடி பின்னால் கூட்டிப்போய் அங்கிருந்து தொடங்குங்கள்.