கினிப் பன்றியைத் தூக்கும் முறை

எங்கள் கினிப் பன்றி புட்டு ஒரு கிலோகூட இருக்காது. ஆனாலும் அதைத் தூக்கக் கற்க எனக்கு ஒரு மாதம் ஆனது. நான் செய்த தப்பு, மேலிருந்து கையை நீட்டியது. பருந்து வந்த மாதிரி மிரண்டு மூலைக்கு ஓடிவிடும். இப்போது தரையில் உட்கார்ந்து, கொத்தமல்லிக் காம்பைக் காட்டி, பக்கவாட்டில்தான் கையைக் கொண்டுபோகிறேன்.

ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால், நெஞ்சுக்கு அடியில். மறு கை பின்புறத்தை முழுதாகத் தாங்க வேண்டும். பின்கால்கள் அந்தரத்தில் தொங்கினால் உதறும், முதுகில் அடிபடலாம். தூக்கியதும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள்.

இறக்கும்போதுதான் ஆபத்து அதிகம். கூண்டைக் கண்டதும் துள்ளும். ஒருநாள் என் முழங்கால் உயரத்திலிருந்து குதித்துவிட்டது; நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அன்றிலிருந்து முகம் என்னைப் பார்த்திருக்கும்படி பிடித்து, பின்பக்கத்தை முதலில் இறக்குகிறேன். நான்கு காலும் தரையில் பதிந்து, உதறல் நின்ற பிறகே கையை எடுப்பேன்.

குழந்தைகள் நின்றுகொண்டு தூக்கவே வேண்டாம். தரையில் உட்காரவைத்து, மடியில் பழைய துண்டை விரித்துக் கொடுங்கள். துண்டு எதற்கு என்பது 10 நிமிடத்தில் தெரிந்துவிடும்! பல்லை நறநறவென்று கடித்தால், சரி, இன்றைக்குப் போதும் என்று கூண்டில் விட்டுவிடுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.