அறுபதாங் கல்யாணத்தில் வாசிக்க ஒரு பழைய பேப்பர்

பிறந்த நாளன்று வந்த தினசரியை எடுத்து, அதன் தலைப்புகளை மண்டபத்தில் வாசித்துச் சிரிக்க வைப்பது நல்ல வழக்கம். நம் கொங்குப் பக்கத்துக் குசும்புக்கு இதைவிடத் தோதான மேடை கிடையாது. ஆனால் தயாரிப்பு சரியாக இருக்க வேண்டும்.

முதலில் தேதி. பள்ளிச் சான்றிதழை நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் பலருக்குத் தலைமையாசிரியர் போட்டதுதான் தேதி. ஜாதகத்தைப் பாருங்கள். 'பராபவ வருஷம், வைகாசி மாதம்' என்றிருந்தால் 1966. அதே பராபவ 2026இல் திரும்புகிறது, அறுபதாங் கல்யாணத்தின் கணக்கும் அதுதான். ஜாதகத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். நள்ளிரவுக்குப் பிறகு, விடியும் முன் பிறந்தவருக்கு முந்தைய நாளின் தமிழ்த் தேதியே எழுதியிருக்கும். அவருக்கு ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல், பேப்பர் எப்போதும் ஒரு நாள் பிந்தியது. நிலவில் மனிதன் கால் வைத்தபோது நமக்கு 1969 ஜூலை 21, காலை 8.26. அன்றைய காலைப் பேப்பர் அதற்குள் வாசலில் விழுந்துவிட்டது. கால் வைத்த சேதியைக் காலைப் பதிப்பில் தேடினால் 22ஆம் தேதிதான் கிடைக்கும். அதனால் பிறந்த நாள், மறுநாள் என்று இரண்டு தாள்களையும் பார்த்துவிடுங்கள்.

தேடும் இடங்கள்: சென்னை கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பிறகு உள்ளூரில் பழைய பேப்பர் சேர்த்து வைத்திருக்கும் பெரியவர்கள். மாவட்ட மைய நூலகத்தில் எந்த வருஷம் முதல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பைண்டு செய்த தொகுதியை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்தக் கூடாது, முதுகு விட்டுப்போகும். அந்தத் தாள் மரக்கூழில் செய்தது. அமிலம் ஏறி, மடித்த இடத்தில் அப்பளம் போல நொறுங்கும். போனில் படம் எடுப்பதே நல்லது. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். எடுக்கும் பக்கத்துக்கு அடியில் ஒரு கறுப்பு சார்ட்டை மெதுவாகச் செருகுங்கள். பின்பக்க அச்சு ஊடுருவித் தெரியாது. போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள், சாய்த்தால் பைண்டிங் ஓரத்து எழுத்து வளைந்துவிடும். ஒரு பக்கத்தை நான்கு துண்டாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்தால் பொடி விளம்பரமும் படிக்கக் கிடைக்கும். விளம்பரத்தை விட்டுவிடாதீர்கள், பாதிச் சிரிப்பு அங்கேதான்.

இனித் தேர்வு. ஏழு தலைப்பு, ஆறு நிமிடம். அதற்கு மேல் போனால் சனம் பந்தியைப் பார்க்கத் தொடங்கிவிடும். எதைப் பார்த்து யார் சிரிப்பார்கள் என்று யோசித்து எடுங்கள். 1966 ஜூன் 6 எடுத்துக்காட்டுக்கு நல்ல நாள். அன்றுதான் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. ஏழரை ரூபாய் டாலர் என்றதும் திருப்பூர்ச் சொந்தங்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், தினம் டாலர் விலையில் பிழைக்கிற ஊரல்லவா. அதற்குப் பிறகு ஒரே வரி போதும்: "மாமா பொறந்த அன்னிக்கே ரூவா எறங்கிப் போச்சுங்க, அத்தை வந்துதானுங்க மதிப்பே ஏறுச்சு."

எண்பதைத் தொடுகிறவருக்கு 1957 ஏப்ரல் 1 ஒட்டிய தாள் பொருந்தும், அவர் பள்ளிக்கூடம் போன வயது. நயா பைசா வந்த நாள். ஒரு அணாவுக்கு 6 பைசா. 16 அணாவையும் தனித்தனியாக மாற்றினால் 96தான் வரும், ரூபாய்க்கோ 100. அந்த நான்கு பைசா எங்கே போனது என்று பெரியவரையே கேளுங்கள், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

மாறிப்போனதைவிட மாறாததற்குச் சிரிப்பு அதிகம். பவானிசாகர் அணை நீர்மட்டம் இத்தனை அடி என்ற செய்தி இன்றைக்கும் வருகிறது. கோபி, ஈரோட்டுக்காரர்களுக்கு முழுக்கொள்ளளவு 105 அடி என்பது மனப்பாடம். எழுபதுகள், எண்பதுகளின் தாளில் பவானி உபரி நீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவினாசித் திட்டக் கோரிக்கை அகப்பட்டால் எதுவும் சேர்க்காதீர்கள். தலைப்பைப் படித்து, பேப்பரின் தேதியைப் படித்து, "தொறந்தது 2024 ஆகஸ்ட் 17ங்க" என்று நிறுத்திவிடுங்கள். அவினாசி, அன்னூர்க்காரர்கள் இருக்கும் சபையில் அதற்கு மேல் ஒரு சொல் கூடுதல்.

தலைப்பில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். ஒன்று புனைந்தது என்று தெரிந்தாலும் மற்ற ஆறையும் யாரும் நம்பமாட்டார்கள். விபத்து, சாவு, சாதிச் சண்டை எதுவும் வேண்டாம். அடிபட்டவரின் பங்காளி அதே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். 1966 ஜனவரி 11 போல, சாஸ்திரி மறைந்த நாளாக இருந்தால் முதல் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு உள்பக்கத்துச் சந்தை விலைக்கும் சினிமா விளம்பரத்துக்கும் போய்விடுங்கள்.

வாசிக்கப் பேரனையோ பேத்தியையோ நிறுத்தினால், தட்டச்சு செய்த பிரதியைக் கையில் கொடுங்கள். 1978க்கு முந்தைய தாள்களில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை வைத்து நிற்கும், 'றா', 'னா' சுழித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அங்கே தடுக்கினால் சிரிப்பு போய்விடும். ஈரோட்டிலிருந்து வந்த பெரியாரின் குடி அரசு வார இதழ் 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு வந்துவிட்டதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்து, முதல் பந்திக்குக் கூப்பிடும் முன் வாசிக்க வைத்துவிடுங்கள். மேளக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.