கவர் லெட்டரில் முதல் பத்தியை மாற்றினேன், அழைப்பு வந்தது

திருப்பூர் ஏற்றுமதி கம்பெனிகளுக்கு அக்கவுண்ட்ஸ் வேலை கேட்டு மெயில் போட்டுக்கொண்டே இருந்தேன், பதிலே இல்லை. ரெஸ்யூமேயில் குறை தெரியவில்லை. கவர் லெட்டரோ 'கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுவேன்' என்று யார் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற மாதிரி இருந்தது.

விளம்பரத்தை மறுபடி வாசித்தேன். கேட்டிருந்தது டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி ரிட்டர்ன். முதல் பத்தியை இப்படி மாற்றினேன்: “மாதாமாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் டேலியில் உள்ள பர்ச்சேஸ் பில்களோடு ஒப்பிடுவேன். விடுபட்ட பில்லுக்கு சப்ளையரிடம் பேசி ஏற்ற வைப்பேன். 20-ஆம் தேதிக்கு முன்பே 3பி தயாராக இருக்கும்.”

2பி என்பது சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியல்; 3பி என்பது கம்பெனி மாதாமாதம் தாக்கல் செய்யும் ரிட்டர்ன். சப்ளையர் பில்லை ஏற்றாவிட்டால் இன்புட் கிரெடிட், அதாவது பொருள் வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது, நின்றுவிடும். ஏற்றுமதிக்காரர்களுக்கு ரீஃபண்டும் அதைப் பொறுத்துத்தான். முதலாளியின் பணம் எங்கே மாட்டும் என்று தெரிந்தவர் எழுதிய கடிதம் இது என்பது படித்ததும் புரிந்துவிடும். என்னைக் கேட்டால், கவர் லெட்டருக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை.

மற்றவை சின்ன வேலைதான். சப்ஜெக்ட்டில் பதவியின் பெயர், கடிதத்தைத் தனி ஃபைலாக இணைக்காமல் மெயிலிலேயே எழுதியது, கடைசி வரியில் எப்போது சேர முடியும் என்பது.

இன்டர்வியூவில் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: “சப்ளையர் போனையே எடுக்கலைன்னா என்னம்மா பண்ணுவீங்க?” “அந்த பில்லுக்கான வரியை மட்டும் பேமெண்ட்டில் நிறுத்தி வைக்கச் சொல்வேன் சார்” என்றேன்.