எழுதிய கதையை எங்கே முதலில் போடுவது?

ஞாயிற்றுக்கிழமை இரவு கதையை முடித்ததும் கை தானாக ஃபேஸ்புக் பக்கம் போகும். நாற்பது லைக்கும் பத்து ‘அருமை’யும் வந்த பிறகு, புதன்கிழமை அதே கதையை ஓர் இதழுக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றும். அதற்குள் காரியம் கெட்டிருக்கும். பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் கேட்பது ‘வேறெங்கும் வெளியாகாத படைப்பு’. ஃபேஸ்புக் சுவரும் வலைப்பூவும் அவர்கள் கணக்கில் வெளியீடுதான். பதிவை அழித்துவிட்டு அனுப்புவதிலும் பலனில்லை. இரண்டு வரியைத் தேடுபொறியில் போட்டுப் பார்க்கும் ஆசிரியர்கள் உண்டு.

எனவே எழுதி முடித்ததும் வரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள். சிறுகதை என்றால் முதலில் இதழ், அங்கே வந்து சில மாதம் கழித்துச் சொந்த வலைப்பூ, பன்னிரண்டு பதினைந்து கதைகள் சேர்ந்ததும் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தொகுப்பு. குடும்ப நாவல், காதல் தொடர், திகில் தொடர் என்றால் இதழ்களைச் சுற்ற வேண்டாம். பிரதிலிபி போன்ற கதை வாசிக்கும் செயலியில் தொடங்கி, முடிந்ததும் மின்னூலாக்கலாம். நாலுவரிக் கவிதைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, நேராக இன்ஸ்டாகிராமில் போடலாம். தொகுப்பாக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் நல்லதில் பாதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பைச் சரிசெய்தல்

கதை யூனிகோடில், அதாவது எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும். அடுத்தவர் கைபேசியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு எடுத்தபின் முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மேற்கோள் குறிகளும் எண்களும்தான் மாற்றத்தில் அதிகம் சிதையும்.

யூனிகோடிலேயே தட்டச்சு செய்பவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘மௌனம்’ என்பதை ஒற்றைக் கொம்பும் ள-வும் சேர்த்து ‘மெளனம்’ என்று அடித்துவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தேடுபொறிக்கு வேறு வேறு சொல். ‘மௌன’ என்று தொடங்கும் தலைப்பில் இந்தப் பிழை இருந்தால் உங்கள் கதையைப் பெயர் சொல்லித் தேடுபவருக்குக்கூட அது அகப்படாமல் போகலாம். கோப்பில் ‘ெள’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘வெள்ளம்’, ‘தெளிவு’ போன்றவற்றில் அது சரியான இடத்தில் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது.

ஒற்றுப்பிழைக்கு ‘நாவி’, சொற்பிழைக்கு ‘வாணி’ என இரண்டு இலவசத் திருத்திகள் இணையத்தில் இருக்கின்றன. விவரிப்பை அவற்றில் ஓட்டலாம். உரையாடலை ஓட்டினால் வட்டாரப் பேச்சு முழுவதையும் பிழை என்று கொட்டும். அதை நம்பித் திருத்தினால் நெல்லைக்காரர் செய்தி வாசிப்பவர்போலப் பேச ஆரம்பித்துவிடுவார்.

இதழுக்கு அனுப்பும்போது

சொல்வனம், மலேசியாவின் வல்லினம், கனடாவிலிருந்து வரும் பதிவுகள் என இணைய இதழ் ஒவ்வொன்றுக்கும் தனி ருசி. கடைசியாக வந்த இரண்டு இதழ்களிலாவது கதைகளை வாசித்துவிட்டு அனுப்புங்கள். அனுப்புவது வேர்ட் கோப்பாக இருக்கட்டும். பிடிஎஃப் அனுப்பினால், அதிலிருந்து நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி, ஆசிரியர் கதையை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டிவரும். செய்ய மாட்டார்.

மின்னஞ்சலின் பொருள் வரியில் ‘சிறுகதை’, கதைத் தலைப்பு, உங்கள் பெயர். உள்ளே நாலு வரி போதும்: சொல் எண்ணிக்கை, வேறெங்கும் வெளியாகவில்லை என்ற உறுதி, ஊர், தொடர்பு எண். கதையின் கருத்து என்ன என்று விளக்க வேண்டாம். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பி இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். இரண்டு மாதம் பதில் இல்லையென்றால் ஒரு வரியில் விசாரியுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ‘திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டு வேறிடம் அனுப்பலாம்.

தொகுப்பு நூலில் சேர்க்கிறோம், சான்றிதழும் கேடயமும் தருகிறோம், பக்கத்துக்கு இவ்வளவு கட்டுங்கள் என்று வரும் அழைப்புகளை நம்பி ‘முதல் வெளியீட்டை’ விட்டுவிட வேண்டாம். அந்தப் புத்தகத்தை வாங்குபவர்கள் பெரும்பாலும் அதில் எழுதியவர்கள்தான்.

தொடர் எழுதுபவர்களுக்கு

செயலியில் தொடர் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் கதை காரணமில்லை, கையிருப்பு இல்லாததுதான் காரணம். முதல் அத்தியாயத்தைப் போடும் நாளன்று குறைந்தது பத்து அத்தியாயங்கள் எழுதி முடித்த நிலையில் இருக்க வேண்டும். வாரம் இரண்டு வீதம் போட்டால் அது ஐந்து வாரத்துக்கு வரும். காய்ச்சல், கல்யாணம், கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் தாண்ட வேண்டும். போட்ட அத்தியாயத்தை ஈடுகட்டக் கையிருப்பில் ஒன்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஐந்துக்குக் கீழே இறங்கினால் வாரம் ஒன்றாகக் குறைத்து, அதை வாசகரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நிறுத்தினால் திரும்பி வருபவர் பாதிகூட இருக்க மாட்டார்.

அத்தியாயம் 1000 முதல் 1500 சொற்கள். பேருந்தில் நின்றுகொண்டு வாசிப்பவருக்கு அதற்குமேல் தாங்காது. 500 சொல்லில் முடித்தால் ஏமாற்றியதுபோல் இருக்கும். கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். அத்தியாயக் கடைசியில் கதவு தட்டும் சத்தத்தோடு நிறுத்துவது மூன்று தடவை வேலை செய்யும், நாலாவது தடவை கருத்துப் பெட்டியில் கிண்டல் செய்வார்கள். கேள்வியோடு முடிப்பதைவிட, பாத்திரம் ஒரு முடிவெடுத்த இடத்தில் முடிப்பது நீண்ட நாள் ஓடும். ‘கதவைத் திறந்தவள் அதிர்ந்து நின்றாள்’ என்பதைவிட ‘தாலியைக் கழற்றிச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்’ என்பது அடுத்த வாரத்துக்கு ஆளைக் கொண்டுவரும்.

பதிவேற்றும் முன் அந்தத் தளத்தின் விதிமுறைகளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறதா, ஒலிவடிவ, திரைவடிவ உரிமைகளையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறீர்களா, வேண்டும்போது கதையை நீக்க முடியுமா. மூன்றாவது மிக முக்கியம், ஏனென்றால் அடுத்த கட்டம் கிண்டில்.

கிண்டிலில் கவனிக்க வேண்டியது

நம் நூலை நாமே கிண்டிலில் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி தளத்தில் 2016 இறுதியிலிருந்து தமிழ் மின்னூல் போட முடிகிறது. கணக்குத் தொடங்கவும் நூலேற்றவும் காசு இல்லை. அட்டை 2560 பிக்சல் உயரம், 1600 பிக்சல் அகலம். அட்டையில் உள்ள தலைப்பும் விவரப் பக்கத்தில் தட்டச்சிடும் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள்.

பலர் விழும் குழி ‘கேடிபி செலக்ட்’ என்ற கூடுதல் ஒப்பந்தம். இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் இதில் சேர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம்தான். கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் வாசிக்கும் பக்கங்களுக்குப் பணம் வருவதும் இதன் வழியாகத்தான். பதிலுக்கு 90 நாட்கள் அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். பிரதிலிபியிலோ வலைப்பூவிலோ முழுக்கதையும் கிடந்தால் விதிமீறல். செலக்ட்டைச் சொடுக்குவதற்கு முன்பே அங்கெல்லாம் நீக்கிவிட்டு, அந்த 10 சதவீதத்துக்குள் அடங்கும் முதல் சில அத்தியாயங்களை மட்டும் விட்டுவைக்கவும். 90 நாள் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் சேர்ந்த அன்றே தானாகப் புதுப்பிக்கச் சொல்லும் குறியை எடுத்துவிடுங்கள்.

90 நாளில் ஐந்து நாள் நூலை இலவசமாகக் கொடுக்க அனுமதி உண்டு. ஐந்தையும் வெளியீட்டு வாரத்தில் செலவழிப்பது வீண். முதலில் இரண்டு நாள், பத்துப் பதினைந்து மதிப்புரைகள் சேர்ந்தபின் மீதி மூன்று நாள் என்று பிரிக்கலாம்.

பணம் முக்கியமில்லை, நாலு பேர் வாசித்தால் போதும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம். யாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்தால் மின்னூலாக்கி எல்லோரும் இலவசமாக இறக்கிக்கொள்ள வைப்பார்கள். ஆனால் அந்த உரிமத்தைக் கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

வலைப்பூவின் முகவரி

பிளாகரில் தமிழில் தலைப்பிட்டு வெளியிட்டால் இணைப்பின் கடைசியில் தலைப்பு வராது, ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப்பெயரும் ஓர் எண்ணும்தான் வரும். வேர்ட்பிரஸ்ஸில் வேறு கூத்து. தலைப்பு முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ்க்குறியும் (எழுத்து, கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துதான் எல்லை என்பதால் சுமார் 22 குறிகளோடு தலைப்பு வெட்டுப்படும். அதை வாட்ஸப்பில் ஒட்டினால் மூன்று வரிக்கு எண்ணும் எழுத்துமாக நீளும், ஏதோ வைரஸ் என்று பயந்து யாரும் தொட மாட்டார்கள். இரண்டிலும் வெளியிடும் முன்பே நிரந்தர இணைப்பு (பெர்மாலிங்க்) பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பின் மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் செத்துப்போகலாம்.

பதிவுக்கு 1200-க்கு 630 பிக்சல் அளவில் ஒரு படம் வையுங்கள். பகிரும்போது முன்னோட்டமாக வருவது அதுதான்.

பத்துப் பேர் திறக்கும் செய்தி

இப்படி ஒரு செய்தியைத் தினமும் பார்க்கிறோம்: ‘அனைவருக்கும் வணக்கம். எனது புதிய சிறுகதை வெளியாகியுள்ளது. படித்துவிட்டுத் தங்கள் மேலான கருத்துகளைப் பகிரவும்.’ கதையைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. வாசகரிடம் இரண்டு வேலை மட்டும் கேட்கிறது.

அதே கதைக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாமியாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறந்தார்கள். பட்டுச்சேலை மடிப்புக்குள் ஓர் அடகுச்சீட்டு. அதிலிருந்த பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாதது. சிறுகதை, 8 நிமிடம்.’ கீழே இணைப்பு. கதையில் ஏற்கெனவே இருக்கும் வரிகளை வெட்டி ஒட்டினாலே இது கிடைத்துவிடும். அப்படி வெட்டி ஒட்ட மூன்று வரிகூட முதல் பக்கத்தில் இல்லையென்றால், தொடக்கத்தைத் திருத்த வேண்டும் என்று அர்த்தம்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். குடும்பக் குழுவில் வாரம் இரண்டு தடவை கதை இணைப்புப் போட்டால் மூன்றாம் மாதம் மியூட் செய்வார்கள். சித்தப்பா மட்டும் வாசிக்காமலே கைகூப்புவார். விருப்பப்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு சேனல் தொடங்கி, குடும்பக் குழுவில் அதன் இணைப்பை ஒரே ஒரு முறை கொடுங்கள்.

எக்ஸ் தளத்தில் 280 எழுத்து என்பது தமிழுக்குப் பாதிதான். ‘கொடுத்தான்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அங்கே பத்து. ஏறக்குறைய 25, 30 சொற்களில் முடிக்கப் பழகுங்கள். இன்ஸ்டாகிராமில் படவிளக்கத்தில் கொடுக்கும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. முகப்புக் குறிப்பிலோ ஸ்டோரியில் ஒட்டும் இணைப்பாகவோ கொடுக்க வேண்டும். கவிதைப் படத்துக்கு 1080-க்கு 1350 பிக்சல், நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது மீரா இனிமை எழுத்துரு. இரண்டும் இலவசம், விற்பனைக்கான அட்டையிலும் பயன்படுத்தலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் அட்டை உருவாக்கினால் படத்தை மட்டும் எடுங்கள்; தமிழ்த் தலைப்பை அதனிடம் கேட்டால் பெரும்பாலும் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளைப் போட்டுத் தரும். அப்படி உருவாக்கிய படம் என்று கேடிபியில் தெரிவிக்கவும் வேண்டும்.

திருட்டு

அனுமதியில்லாமல் உங்கள் தொடரை யூடியூபில் வாசித்து ஏற்றுவதும் டெலிகிராமில் பிடிஎஃப் சுற்றுவதும் நடக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை, சான்றுக்காகச் செய்யலாம், இலக்கியப் படைப்பொன்றுக்குக் கட்டணம் ₹500. பதிவு செய்யாதவர்கள், கதைக்கோப்பைத் தேதியோடு உங்களுக்கே மின்னஞ்சல் செய்துவைத்தால் ஓரளவு சான்றாகும். திருடியவரிடம் கருத்துப் பெட்டியில் சண்டை போட்டால் அவர் உங்களைத் தடை செய்துவிட்டுத் தொடர்வார். முதலில் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுங்கள். பிறகு தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் உங்கள் மூலப்பதிவின் இணைப்பையும் அவருடைய இணைப்பையும் கொடுங்கள்.

இதே சட்டம் நம் பக்கமும் திரும்பும். எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை தொடர்கிறது. பாரதியார் வரியைக் கதையில் தாராளமாக வைக்கலாம். கண்ணதாசன் மறைந்தது 1981-இல் என்பதால் அவர் பாடல்கள் 2041 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. அத்தியாயத் தலைப்பில் முழுப் பல்லவியைத் தூக்கி வைக்கும் பழக்கம் தொடர்கதைகளில் ஏராளம். செயலியில் யாரும் கேட்காமல் போகலாம், விலை போட்டு விற்கும் நூலில் கேட்கலாம். ‘பக்கத்து டீக்கடை ரேடியோவில் பழைய டிஎம்எஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது’ என்று எழுதினால் போதும், பாட்டை வாசகரே போட்டுக்கொள்வார்.