கதைப்பாடல் எழுத: நடுவிலிருந்து தொடங்குங்கள்

கதைப்பாடல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் பத்து வரியில்தான். ஊர், குலம், வம்சம் என்று அறிமுகமே முடியாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரச்சினை வெடிக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். பின்கதையைப் பாத்திரங்களின் பேச்சே சொல்லிவிடும்.

ஆங்கில மரபில் பெரும்பாலும் நான்கு அடி ஒரு கண்ணி. 1, 3-ஆம் அடிகளில் நான்கு அழுத்தம், அதாவது அழுத்திச் சொல்லும் அசை. 2, 4-இல் மூன்று. இயைபு, அதாவது அடியின் கடைசி ஒலி ஒத்துவருவது, 2-க்கும் 4-க்கும் இருந்தால் போதும். தமிழில் அழுத்தக் கணக்கு ஒத்துவராது, அதனால் அடியின் ஓசைத் துண்டான சீரை எண்ணுங்கள், முதலெழுத்து ஒத்துவரும் மோனையையும் பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா ஒரு மாதிரி:

கதவைத் தட்டும் கையது யாரு?
காத்து தானே, தூங்கம்மா.
காத்துக் கேது வளையல் சத்தம்?
கண்ணை மூடு, தூங்கம்மா.

வந்தது யார் என்று எங்கும் சொல்லவில்லை. வளையல் சத்தம் போதும். அடுத்த கண்ணியிலும் 'தூங்கம்மா' அப்படியே வரட்டும். மூன்றாவதில் அந்த ஒரு சொல்லை மட்டும் 'ஓடம்மா' என்று மாற்றிப் பாருங்கள், கதையே திரும்பிவிடும். மாறாத பல்லவியைக் கடைசிவரை திருப்பித் திருப்பிப் போடுவது எனக்கென்னவோ வீணடிப்பாகத்தான் படுகிறது.

வர்ணனை? ரொம்ப வேண்டாம். அவள் துயரத்தில் வாடினாள் என்பதைவிட, அவள் விளக்கை அணைத்தாள் என்பது பாட்டில் நன்றாக நிற்கும்.

அப்புறம், எழுதியதைத் தொடையில் தாளம் தட்டிச் சத்தமாகப் பாடுங்கள். நாக்கு தடுக்கும் அடியில் அநேகமாக ஓர் அடைமொழி கூடுதலாக இருக்கும்.